எனக்கு யார் போட்ட நைட் ஷிப்ட்?

எங்கள் வீட்டில் பகலில் தூங்குகிறவர்களுக்குத்தான் மரியாதை. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் காலையில் வந்து படுத்தால் குவார்ட்டர்ஸே மூச்சை அடக்கிக்கொள்ளும். ஜன்னலில் கறுப்புப் போர்வை தொங்கும். குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் பார்த்து அம்மா ஓடிப்போய்க் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிடுவாள். காய்கறிக்காரர்கூட எங்கள் வாசலுக்கு வந்ததும் குரலை இறக்குவார். பிளாக் முழுக்க இதே கதைதான்.

இந்த நல்ல பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. ப்ளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வுக்கு மறுபடி படிக்கிறேன் என்று நான் வீட்டில் உட்கார்ந்த வருடம் அது. ராத்தூக்கம் போயிற்று. பகலில் படுத்தே கிடப்பேன். அம்மா எட்டிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி மூச்சு விடுவேன். சோறு தட்டிலேயே காயும். புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், மண்டையில் ஏறாது. பக்கத்து வீட்டில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தானோ என்று ஒரு சந்தேகம். பெரிய சந்தேகம் இல்லை, சின்னதுதான்.

வேறு வீடாக இருந்தால், இந்தப் பெண் ஏன் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறாள் என்று இரண்டாம் நாளே கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கும் ஒரு கறுப்புப் போர்வை மாட்டினார்கள். "பாப்பா ராவெல்லாம் படிச்சிட்டு இப்பதான் படுத்துக்கினு இருக்குது, சத்தம் போடாதீங்க" என்று அம்மா வாசலில் நின்று பெருமையாகச் சொல்வாள். நைட் ஷிப்ட்டுக்கு இன்னொரு ஆள் சேர்ந்தாயிற்று, அவ்வளவுதான்.

காடாம்புலியூரிலிருந்து அத்தை பலாப்பழத்தோடு வந்தாள். அப்பாவின் அக்கா. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது திமிரு" என்றாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "இல்ல, யாரோ பையன்" என்றாள். கிளம்பும்போது, "எதுக்கும் ஒரு கயிறு கட்டிடுங்க" என்றாள். பிறகு நாங்கள் போய்ப் பார்த்த பாண்டிச்சேரி டாக்டர்கூட இவ்வளவு வேகமாகச் சொல்லவில்லை. பலாப்பழம் தேனாக இருந்தது என்றார்கள். எனக்கு ருசியே தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் அப்பா. அவருக்கு நைட் போய்ப் பகல் ஷிப்ட் வந்தது, பிறகு மத்தியான ஷிப்ட், மறுபடியும் நைட். நான் மட்டும் மாறவேயில்லை. ஒருநாள் வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"எந்த ஆளுக்கும் தொடர்ச்சியா நைட் போட மாட்டாங்கடி. மாத்தி மாத்திதான் போடுவாங்க. இதுக்கு யாரு போட்டது?"

அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"தூங்கறியா பாப்பா?"

"தூக்கம் வரலப்பா. பயமா இருக்கு."

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்துக் கிடந்தது, அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அழுகை பீறிட்டு வந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அம்மா எடுத்ததுமே நோயின் பேரைக் கேட்டாள்.

"இன்ன நோய்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் அந்த டாக்டரம்மா. "பயம், சோர்வு, சந்தேகம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இப்படியே விட்டா ஏதோ ஒண்ணா முத்தலாம், முத்தாமலும் போகலாம். முத்தறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க, அதுதான் நல்லது."

நான் தவறாமல் வந்து பேச வேண்டும். வீட்டில் காலை என்று ஒன்று இருக்க வேண்டும்: வெளிச்சம், சத்தம், எல்லாரோடும் உட்கார்ந்து டிபன் என்றார்.

பஸ்ஸில் அம்மா பொரிந்து தள்ளினாள். "பேரே இல்லாத நோவுக்கு வைத்தியமாங்க? கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

"மைன்ஸ்ல கரி போற பெல்ட்ல சத்தம் வந்தாலே நிறுத்திட்டுப் பாப்போம். அறுந்து வுழற வரைக்குமா ஓட்டுவோம்?" என்றார் அப்பா.

"எம்பொண்ணு உங்க மைன்ஸ் பெல்ட்டா?"

வடலூர் வரும்வரை அம்மா முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். ஆனால் மறுநாள் காலை என் ஜன்னல் போர்வையைக் கழற்றியது அவள்தான்.

சிக்கல் அடுத்த நைட் ஷிப்ட் வாரத்தில் வந்தது. எனக்குக் காலை வேண்டும், அப்பாவுக்கு இருட்டு வேண்டும், இருப்பதோ ஒரு வீடு. அம்மா கரண்டியோடு குக்கர் முன்னால் நின்றாள், தூக்குவதா விடுவதா என்று தெரியாமல். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"வுடுடி, கத்தட்டும்."

கத்தியது. பிளாக்கே திரும்பிப் பார்த்திருக்கும்.

என் தூக்கம் ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அந்த டாக்டர் கடைசிவரை பேர் வைக்கவில்லை; வைக்கத் தேவை வரவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது அந்த வாரம்தான். ஜன்னல்கள் திறந்து கிடந்தன, டிவி ஓடியது, நான் இட்லியை மென்றுகொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த அப்பா, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார்.

"உங்கப்பாவுக்கு இன்னா, இடி வுழுந்தாலும் தூங்குவாரு" என்றாள் அம்மா.

அந்தத் துண்டு ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற மாதிரி மூச்சு விடுவது எப்படி என்று அந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.