வெள்ளை விரித்தவரின் வாய்ச்சொல்

அம்மனை நம்பியிருக்கும் சகோதரங்களே, இதை எழுதுகிறவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முரசுமோட்டையில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. ஒரு கோடரியோடு வந்து, யானை நின்ற காட்டை வயலாக்கினவன் நான். அந்தப் பக்கத்தில் முதல் கல்வீடு என்னுடையது. முதல் உழவு மெசினும் என்னுடையதுதான். அப்படிப்பட்ட நான் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம், தலைமன்னார் இறங்குதுறையில் கைக்குழந்தையோடு நின்று என் பெண்சாதியை இந்தியாவுக்குக் கப்பலேற்றினேன்.

அவள் பெயர் பாக்கியம். தஞ்சாவூர்ப் பக்கம். பரந்தனில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த தமையனிடம், கொஞ்சக் காலம் மட்டும் தங்கலாமென்ற தவணை அனுமதியில் வந்தவள். எங்களுடையது பழைய வழக்கப்படி சோறு கொடுத்த கலியாணம். ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடி மாணிக்கன் நாங்கள் இருக்க வெள்ளைத் துணி விரித்தான். பாக்கியம் சமைத்து எனக்குச் சோறு போட்டாள். ஊர் பார்த்தது. பதிவு இல்லை. "என்ர பெண்சாதிக்கு ஆரின்ரை கடதாசி வேணும்?" என்று சிரித்தவன் நான். அனுமதி முடிந்ததென்று இங்கிலீசில் வந்த கடிதங்களை வாசிக்கத் தெரியாது. பிறரிடம் காட்ட வெட்கம். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பொலிஸ் வந்தபோது மகள் மலருக்குப் பத்து மாதம். பாக்கியம் என் காலைப் பிடித்தாள்.

"பிள்ளையைக் குடுத்துடுங்க. பால் குடிக்கிற பிள்ளைங்க."

"பிள்ளை இஞ்சை நிண்டால்தான் உன்னைக் கெதியாய்த் திரும்ப விடுவாங்கள். ஒரு மாதம். நான் ஆரெண்டு தெரியுமெல்லோ?"

கப்பல் அசையும்போது அவள் சட்டை நனைந்திருந்தது. பால். பிள்ளை என் தோளில் கிடந்து கத்தியது.

அந்த ஒரு மாதம் மூன்று வருடத்துக்கு மேலானது.

விசா கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்.

"கலியாணப் பதிவு எங்கை?"

"பதிவில்லை ஐயா. சோறு தந்தவள்."

"சோறு தந்தவையெல்லாம் பெண்சாதியெண்டால், சாப்பாட்டுக்கடைக்காரிக்கு எத்தினை புருசன்?"

கந்தோர் முழுக்கச் சிரித்தது. பிறகு அவரே இரங்கினார். "சொந்தக்காரற்றை சொல் எடுபடாது, காணும். வெள்ளை விரிச்ச கட்டாடி இருப்பான்தானே? அவனைக் கொண்டு சத்தியக்கடதாசி முடிச்சுக்கொண்டு வாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

நான் மாணிக்கனிடம் போகாமல் வீடு வந்தேன். ஏனென்றால் கலியாணத்துக்கு அடுத்த வருடம், வேட்டியில் கறை என்று, நாலு பேருக்கு முன்னால் மாணிக்கனைக் கன்னத்தில் அறைந்திருந்தேன். அதற்குப் பிறகு அவன் என் வளவுக்குள் கால் வைக்கவில்லை. அவனுடைய வாசலில் போய் நான் நிற்பதா?

அதனால் அம்மனிடம் போனேன். "வேறை வழி காட்டு தாயே, உனக்கு வெண்கல மணி செய்து தாறன்" என்றேன். மணி கட்டினேன். வழி வரவில்லை. வெள்ளிக் கண்மலர் சாத்தினேன். அப்போதும் இல்லை. பாக்கியத்தின் கடிதங்கள் அவள் தமையனின் கடைக்குத்தான் வரும்; அவர் வாசித்துச் சொல்வார். பிள்ளைக்கு எத்தனை பல்? நடக்கிறாளா? ஒரு கடிதத்தில் பால் வற்றிவிட்டது என்று மட்டும் இருந்தது. இங்கே மலர், தன்னை வளர்த்த என் தங்கச்சியை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல். வாய் நிறைய நேர்த்திக்கடனோடு போனவனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை. மண்ணில் விழுந்தேன். "தாயே, என்னாலை ஏலாது" என்று மட்டும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொல்லாத சொல் அது. எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. யாரோ தோளைத் தொட்டார்கள். அம்மனுக்கு வெள்ளை கட்ட வந்த மாணிக்கன்.

"என்ன நயினார், இப்பிடி அழுறியள்?"

"பாக்கியம் வரோணும், மாணிக்கம். நீ வந்து சொல்லோணும். உனக்கு அடிச்ச கை இதுதான்."

அவர் என் கையைப் பார்த்தார். "கலியாணத்தண்டைக்கு அவா எனக்கு ரெண்டாந்தரமும் சோறு போட்டவா. அதை நான் எங்கையும் வந்து சொல்லுவன். நீங்கள் கேப்பியள் கேப்பியளெண்டு மூண்டு வருசமாய்ப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான்."

அடுத்த கிழமையே சத்தியக்கடதாசி முடிந்தது. மார்கழியில் பாக்கியம் வந்து இறங்கினாள். மெலிந்து போயிருந்தாள். வாசல் படலையடியில் பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

மலர் என் தங்கச்சியின் சேலைக்குள் ஒளிந்தாள். "அம்மா, ஆர் இவா?"

பாக்கியம் அழவில்லை. குசினிக்குள் போய்ச் சமைத்தாள். மாணிக்கம் அண்ணையை எனக்குப் பக்கத்தில் இருத்தி, அவருக்கு முதலில் போட்டாள். மலரும் வந்து சாப்பிட்டாள். சாப்பிட்டதும் ஓடிப்போய் என் தங்கச்சியின் சேலையில் வாயைத் துடைத்தாள். பாக்கியம் தன் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

பிறகு கலியாணத்தைப் பதிவு செய்தோம். மாணிக்கம் அண்ணைதான் சாட்சிக் கையெழுத்து. மலர் இன்று பள்ளிக்கூடம் போகிறாள். பெற்றவளைச் சின்னம்மா என்கிறாள். பிள்ளையை ஏன் மறித்தீர்கள் என்று பாக்கியம் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை.

அம்மன் வழி தரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் நாளே, அந்தக் கந்தோர்க்காரரின் வாயால் தந்தாள். எடுக்காமல் விட்டவன் நான். மூன்று வருடம் போனாலும் என் பெண்சாதியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினவள் அவள். சாகும்வரை அவளுக்கு நான் கடமைப்பட்டவன்.

சகோதரங்களே, நீங்களும் அவளிடம் போங்கள். மணி வேண்டாம், வெள்ளி வேண்டாம். யாருடைய வாசலுக்குப் போக உங்களுக்கு மனமில்லையோ, அந்த வாசலுக்கும் போங்கள். பிள்ளை வளர முன்னம் போங்கள்.