ரங்கையா சொன்ன கீரை

கீரைக்கட்டைப் பிரித்ததும் தாட்சாயணி ஆய ஆரம்பித்துவிட மாட்டாள். கட்டுக்குள்ளே கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு இலையைக் கிள்ளுவாள். மேலே இருக்கிற இலை தண்ணீர் தெளித்த அழகில் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. கிள்ளிய இலையை இடது உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவாள். பிறகு அதில் பாதியை நாக்கு நுனியில் ஒட்டவைத்துக்கொண்டு, வாயை மூடி, எங்கோ பார்த்தபடி நிற்பாள். அந்நேரம் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. கண் மட்டும் 'இரு' என்று சொல்லும். கடைசியில், "தண்ணி காணாத கீரை, கொதி அதிகம் கேக்கும்" என்றோ, "இளசு, இதுக்கு உப்பே போதும்" என்றோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரிவாள்மணை முன்னால் உட்காருவாள்.

"ஆடுகூட இம்மா நேரம் ரோசிக்காதும்மா. லபக்குனு துன்னுட்டுப் போய்க்கினே இருக்கும்" என்பாள் பொன்னியம்மா. திருச்சானூர்த் தோட்டங்களில் பறித்த கீரையைக் கூடையில் சுமந்து திருப்பதித் தெருக்களில் விற்கிறவள் அவள்.

"ஆடு யாருக்கும் சமைச்சுப் போடறதில்ல பொன்னியக்கா."

நகரிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், கம்பும் கேழ்வரகும் விளைந்த வீட்டில் பிறந்தவள் தாட்சாயணி. அறுப்புக் காலத்தில் வயலுக்குக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுபோன பழக்கத்தில், பெரிய பானை அவளைப் பயமுறுத்தியதே இல்லை. பஸ் ஓட்டும் கோவர்த்தனனைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தபோது அவளைப் பயமுறுத்தியது தெலுங்குதான். ஊரில் இரண்டு பாஷையும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இங்கே வாசலில் வந்து நிற்கிறவர்கள் அவளிடம் பதில் எதிர்பார்த்தார்கள்.

அவளுக்குக் கைகொடுத்தது அடுப்படிதான். பக்கத்துப் போர்ஷன் தெலுங்குக்காரியின் பிள்ளை இருமியபோது தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரிக்கு வயிறு உப்பியபோது ஓமத்தை வறுத்துத் தண்ணீர் காய்ச்சினாள். ஓமத்துக்கு 'வாமு', சுக்குக்குச் 'சொண்டி', மிளகுக்கு 'மிரியாலு', கீரை இலைக்கு 'ஆகு' என்று ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு வார்த்தை கூலியாகக் கிடைத்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து, கடைப்பலகைகளெல்லாம் தெலுங்குக்கு மாறிய சமயத்தில் தாட்சாயணி மளிகைக்கடையில் தைரியமாக நின்று தெலுங்கில் பேரம் பேசினாள். "எனக்கு ரெண்டு பாஷயும் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லவும் ஆரம்பித்தாள். கோவர்த்தனன் மீசைக்குள் சிரித்துக்கொள்வான். பல ஊர்ப் பயணிகளோடு மாரடித்து, அவனுக்குத் தெலுங்கு நாக்கில் ஊறியிருந்தது.

அவன் வண்டி திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி வழியாகத் திருத்தணி போய்த் திரும்பும். நின்ற இடத்தில் எல்லாம் மிளகாய் பஜ்ஜியும் சூடான டீயும். வீட்டுச் சாப்பாடு என்பது ராத்திரி ஒருவேளை. இப்படி ஓடிய வண்டி ஒருநாள் புத்தூர் தாண்டியதும் ஓரமாக நின்றுவிட்டது. ஸ்டியரிங்கின்மேல் குப்புறச் சாய்ந்து கோவர்த்தனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் பழனிதான் அவனை வேறு வண்டியில் ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்த்தான்.

"வண்டிக்குள்ள நகரி மெட்ராசுக்கா ஆந்திராவுக்கான்னு அடிதடி அண்ணி" என்றான் பழனி. "எல்லைய எங்க போடறதுன்னு அவனவன் கத்திக்கினு கீறான். அண்ணன் வயித்துலதான் போட்டுட்டாங்க போல."

சிரிக்கிற நிலையில் தாட்சாயணி இல்லை. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், குடலில் புண் என்றார். வெள்ளையாக ஒரு மருந்து பாட்டிலில் கொடுத்தார். இதில் அடங்கினால் சரி, இல்லாவிட்டால் வேலூருக்கு எழுதித் தருவதாகவும், அங்கே வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

"ஒரு மாசம் பொறுங்க டாக்டரய்யா" என்றாள் தாட்சாயணி. "ஒரே ஒரு மாசம்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்த மாதம் அதே கிழமை வரச் சொன்னார்.

வயிற்றைத் திறப்பது என்ற வார்த்தை தாட்சாயணிக்குள் இறங்கவே இல்லை. கோழியைத் திறப்பார்கள், மனுஷனைத் திறப்பார்களா? கோவர்த்தனனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு கோவிந்தராஜர் கோயில் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த வைத்தியர் ரங்கையாவிடம் போனாள். ரங்கையா நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு கோவர்த்தனனை வெளியே காற்றாட உட்காரச் சொல்லிவிட்டு, சமைக்கிறவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் பேசியது முழுக்கத் தெலுங்கு.

"ரோஜூ அவிசாகு பெட்டம்மா. காரம் வத்து, புலுப்பு வத்து. மஜ்ஜிக மாத்ரம் போய்யி."

தாட்சாயணிக்கு ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று விளங்கியது. தினமும் கீரை கொடு; காரம் வேண்டாம், புளிப்பு வேண்டாம், மோர் மட்டும் ஊற்று. எந்தக் கீரை? அவிச்ச ஆகு. அதாவது எண்ணெயில் வதக்காமல், தாளிக்காமல், வெறுமனே அவித்த கீரை. எவ்வளவு நியாயமான பேச்சு!

"அட்லாகே சாமி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். ஒரு வைத்தியரிடம் தனியாக நின்று தெலுங்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"இன்னா சொன்னாரு?" என்றான் கோவர்த்தனன்.

"எல்லாம் அவிச்சதுதான் மாமா இனிமே. நீ வாய மூடிக்கினு துன்னு, மத்தத நான் பாத்துக்கறேன்."

அவன் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தான். மெல்ல எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தாளிக்கும் சத்தம் நின்றுபோனது. மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு குழைய அவித்து மசிப்பாள். அடுத்த நாள் பொன்னாங்கண்ணி, அதற்கடுத்து பண்ணைக்கீரை, ஒருநாள் தண்டு நீக்கிய முளைக்கீரை, ஒருநாள் முருங்கை இளந்தளிர். உப்பு பேருக்கு, சீரகம் ஒரு சிட்டிகை. பழைய அரிசியைக் குருணையாக உடைத்துக் கஞ்சி. வெண்ணெய் எடுத்த மோர். மணத்தக்காளிதான் வயிற்றுப் புண்ணுக்கு முதல் வைத்தியம் என்று அவளுக்கு ஊரிலேயே தெரியும் என்பதால், வாரத்தில் பாதி நாள் அதுதான்.

ஒரு கீரைக்கு மட்டும் தடை.

"துவாதசிம்மா இன்னிக்கு. ஊரே அகத்தி வாங்குது. பச்சுனு கீது பாரு" என்று பொன்னியம்மா கட்டை எடுத்து நீட்டினாள்.

"ஐயோ, அத அந்தாண்ட வெய்யி. மருந்து துன்றவன் கீற வூட்டுல அகத்திய காட்டலாமா? மொத்தமா முறிச்சிடும்."

"நான் இன்னா உன் வூட்டுக்காரருக்கா குடுக்கறேன்? நீ துன்னு."

"ஒரே சட்டிதான் அக்கா, வேணாம்." பாட்டில் மருந்தை நினைத்து, அகத்தி இலை வாசப்படியில்கூட விழாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

கோவர்த்தனன் முனகாமல் சாப்பிட்டான். முதல் வாரம் முகம் சுளித்தான். பிறகு மசித்த கீரையை இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நகர்த்தினான். பழனி வந்து பார்த்துவிட்டு, "அண்ணன் கன்னம் மினுக்குது அண்ணி, எனக்கும் ஒரு வயித்து வலி வரக் கூடாதா?" என்றான். கோவர்த்தனன் இராத்திரியில் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வது குறைந்தது. ஆனால் வலி குறைந்தால் புண் ஆறிவிட்டதாக அர்த்தமில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் தாட்சாயணி சந்தோஷத்தை வெளியே விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின காலை, வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருவரும் போனார்கள். ரங்கையா கல்வத்தில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார்.

"ஏமம்மா, அவிசாகு சேது கதா? தின்னாடா?" கசக்குமே, சாப்பிட்டானா என்று கேட்டார்.

"எல்லாம் கசக்காது சாமி" என்றாள் தாட்சாயணி, அவருக்குப் புரியும் என்று தமிழிலேயே. "மணத்தக்காளிதான் லேசா கசக்கும். பொன்னாங்கண்ணி, பண்ணக்கீர, மொளக்கீர எல்லாம் ருசிதானே. தெனம் அவிச்சதுதான் போட்டேன். அகத்திய மட்டும் கிட்டயே சேக்கல சாமி, நீங்க பயப்படாதீங்க."

இடித்த கை நின்றது. ரங்கையா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவிசாகு அண்டே அகத்தியே கதா தல்லி!"

அவிசாகு என்றால் அகத்திதான். அவர் சொன்ன ஒரே மருந்து அதுதான். வேறு எதையும் அவர் சொல்லவே இல்லை. அகத்தியைத் தெலுங்குக்காரர் யாரிடமும் தாட்சாயணி கேட்டு வாங்கியதில்லை. கீரை கொடுப்பவள் பொன்னியம்மா, தமிழச்சி. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவள் வழியில் வராமலே போயிருக்கிறது. கோவர்த்தனன் அலமாரியில் இருந்த சூரணச் சாடிகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரங்கையா முதலில் சிரித்தார். தாட்சாயணியின் கண் நிறைந்ததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கோவர்த்தனனைப் பாயில் படுக்கவைத்து வயிற்றை அழுத்தினார். "நொப்பி?" என்றார். வலிக்கவில்லை என்றான். "நேன் இப்புடு ஏமீ செப்பலேனம்மா. ரேப்பு டாக்டரு செப்தாரு கதா" என்று முடித்துக்கொண்டார். தன்னால் இப்போது எதுவும் சொல்ல முடியாது, நாளை டாக்டர்தான் சொல்லவேண்டும் என்று அர்த்தம்.

வழியில் எதிரே வந்த பொன்னியம்மாவிடம் தாட்சாயணி நடந்ததைச் சொல்லிவிட்டாள். "துவாதசிக்குத் துவாதசி உன் வாசல்ல அகத்திய நீட்டிக்கினு நின்னேன். நாய வெரட்டற மாதிரி வெரட்டின" என்று ஆரம்பித்த பொன்னியம்மா, தாட்சாயணியின் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டாள். "அட, போ. கீர கீரதானே. வயித்துக்குப் பேரு தெரியுமா?"

வயிற்றுக்குத் தெரியாது, கத்திக்குத் தெரியுமே என்று தாட்சாயணி நினைத்தாள். ஒரு மாதம் கெஞ்சி வாங்கினது அவள்தான். அந்த மாதத்தை முழுக்க வேறு இலையில் செலவழித்திருக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மறுபடியும் படம் பிடித்தார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து டாக்டர் வெகுநேரம் பார்த்தார். தாட்சாயணி அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிக்கொண்டு வருகிறது. வேலூர் வேண்டாம்" என்றார் அவர். "என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?"

"அவிச்ச கீரைங்க" என்றாள் தாட்சாயணி. அந்த வார்த்தையை இப்போது தமிழில் சொல்கிறாளா தெலுங்கில் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மருந்தும் கேட்டிருக்கிறது, பத்தியமும் கேட்டிருக்கிறது. அதையே கொடுத்து வாருங்கள். பஜ்ஜிக் கடைப் பக்கம் மட்டும் விடாதீர்கள்."

பாட்டிலா, மணத்தக்காளியா, மிளகாய் நின்றதா, எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. தாட்சாயணி பிரிக்க முயலவும் இல்லை. நேரே ரங்கையா கடைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கையைத் தலைக்குமேல் குவித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கடை வாசலில் எப்போதும் ஒரு அகத்திக் கொத்து தொங்கியது. தமிழ்ப் பெண்கள் வந்தால் வாயால் சொல்லாமல் கையால் காட்டுவார். தாட்சாயணியும், தண்ணி பட்ட பாடு என்று சொல்வதை விட்டுவிட்டு, புரியாத வார்த்தையை இரண்டு தடவை கேட்கிற பழக்கத்துக்கு வந்தாள். அதனால் அவள் தெலுங்கு இன்னும் சீக்கிரம் தேறியது. காரமில்லாத சாப்பாடு அந்த வீட்டில் பழகிப்போனது. பழனியும் மத்தியானத்தில் அங்கேயே சாப்பிட ஆரம்பித்தான். சுற்றிலும் யார் வயிறு கெட்டாலும் தாட்சாயணியின் மசித்த கீரை ஒரு கிண்ணம் போய்ச் சேர்ந்தது.

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து சில வருஷம் கழிந்தபின்புதான் இன்னொரு விஷயம் தெரியவந்தது. அங்கே நடந்த ஒரு கல்யாணப் பந்தியில் கோவர்த்தனன் பழனியிடம் சொன்னான். அன்றைக்கு ரங்கையா கடை வாசலில் அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு உள்ளே பேசினதெல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அவிசாகு என்றால் அகத்தி என்று அவனுக்கு அப்போதே தெரியும்.

"தெரிஞ்சும் இன்னாண்ணா ஒரு மாசம் வாய மூடிக்கினு இருந்த?" என்றான் பழனி.

"வைத்தியர்கிட்ட தெலுங்குல பேசிட்டு வெளிய வந்தா பாரு, அந்த மூஞ்சிய நீ பாக்கலடா" என்றான் கோவர்த்தனன்.