அப்பா பெயரில் மூன்று தோல்விகள்

பிள்ளைகள் இருவருக்கும்.

இதை நான் ஸ்கூல் வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவது சாயங்காலம் நாலு மணிக்கு. அது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு இருப்பேன். அரிமளத்தில் நம் வீடு இங்கிருந்து பத்து நிமிஷம்தான், போகலாம். ஆனால் அம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்கு வந்து ஆறு மாதமாகிறது. பூட்டிய வீட்டைத் திறந்து, ஃபேனைப் போட்டு, அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு வேன் எவ்வளவோ தேவலை. முப்பது சீட்டும் காலியாகக் கிடந்தாலும் நாலு மணிக்கு நிறைந்துவிடும் என்று தெரியும் அல்லவா.

போன வாரம் நம் வாட்ஸப் குரூப்பில் தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தான். இன்னும் பதில் போடவில்லை. நாலைந்து முறை டைப் செய்து அழித்துவிட்டேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். சின்னதாக எழுத வரவில்லை, நீளமாக எழுதினால் வருகிறதா பார்க்கிறேன்.

தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தீர்களே, அன்றைக்கு ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது தம்பி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்பா, மலேசியால பாக்சிங் போட்டேன், ஒரு தடவ ஜெயிச்சேன்னு சொல்வீங்கள்ல? அங்க ஒங்கள ஐயா பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்கன்னும் சொன்னீங்க. அதப் போட்டுத் தேடிப் பாத்தேன். இங்க பாருங்க."

அது ஒரு வெப்சைட். உலகத்தில் எந்த மூலையில் குத்துச்சண்டை நடந்தாலும், கல்யாண மண்டபம் அளவு இடத்தில் நடந்தால்கூட, யார் யாரோடு மோதினார், எத்தனை ரவுண்டு, யார் ஜெயித்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். ஜெயித்தால் பச்சைக் கட்டம், தோற்றால் சிவப்பு. நீங்கள் ஐயா என்று சொல்லும் என் அப்பாவின் பெயர் இங்கிலீஷில் பெரிதாக இருந்தது. கீழே மூன்று கட்டம்.

"மூணு ஃபைட்டு. மூணும் செவப்பு. பச்ச எங்கப்பா?"

பாப்பா அவன் தலையில் தட்டினாள். "சும்மா இருடா. அப்பா ரிங்குல ஏறுனதே பெருசு. நீ மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குற."

"நான் என்ன கொறையா சொன்னேன்? ஜெயிச்சேன்னாங்க, கேட்டேன்."

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கரப்பான்பூச்சிய அடிக்கச் சொன்னா வெளக்கமாத்தக் கீழ வச்சுட்டு ஓடுற ஆளு. அவரு சொன்ன கதைய இம்புட்டு நாளும் நம்பிக்கிட்டா இருந்தீங்க?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறுநாள் எல்லோரும் கிளம்பிப் போனீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் செரிக்கவில்லை. வாழ்க்கையில் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அந்த ஒரு ஜெயிப்புதான். அது பொய்யாகிப் போனால் மிச்சம் என்ன என்று வேனில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நடந்ததை முழுசாக உங்களிடம் சொன்னதில்லை. நான் மலேசியாவுக்குப் போனது ஹோட்டலில் பாத்திரம் கழுவ. அந்த முதலாளி மாடியில் ஒரு பாக்சிங் ஜிம் வைத்திருந்தார். கொஞ்ச நாளில் அதைக் கூட்டித் துடைக்க என்னை மேலே அனுப்பினார்கள். பழகுகிற பையன்களுக்குக் குத்த ஓர் ஆள் வேண்டும் அல்லவா, ஒரு நாள் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு என் கையில் க்ளவுஸை மாட்டிவிட்டார்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். முதலில் அடி வாங்க, அப்புறம் அடி படாமல் நகர, கடைசியாகக் குத்த.

பெயர் விஷயம் அங்கேதான் மாறியது. நமக்கு ஊரில் இனிஷியல் போதும். ஒரே எழுத்துக்குள் அப்பா அடங்கிவிடுவார். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்து, சர்நேம் என்ற கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயரைப் போட்டுவிட்டார்கள். மலேசியாவில் இறங்கியதும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். தட்டு உடைந்தால் அப்பா பேரைச் சொல்லித் திட்டுவார்கள். ஆரம்பத்தில் அது எனக்குத்தான் என்று புரியவே இல்லை. புரிந்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அண்ணே, மாமா, சித்தப்பா, இவ்வளவுதான்.

அப்பா இறந்தபோது நான் அங்கே இருந்தேன். பாஸ்போர்ட் முதலாளியிடம். கேட்டேன், தரவில்லை. என் ஆத்தா போனில் அழுதுவிட்டு, "நீ அங்கயே இருய்யா, இங்க எல்லாம் முடிஞ்சுருச்சு" என்றது. நாலு மாதம் கழித்து, சண்டைக்கு வர வேண்டிய ஒருவன் வராமல் போக, என்னை ஏற்றிவிட்டார்கள். நாலு ரவுண்டு. மைக்கில் அப்பாவின் பெயரை அறிவித்தார்கள். மண்டபம் முழுக்க எதிரொலித்தது. உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட அவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிடாத பெயர். முதல் ரவுண்டு முழுவதும் அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது, எதிராளியின் குத்து அல்ல. தோற்றேன். அடுத்ததும் தோற்றேன்.

மூன்றாவது சண்டை வடக்கே வேறொரு ஊரில். எடை பார்க்கும் இடத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் நம் ஆள், அங்கேயே பிறந்த தமிழர். முதலாளியின் ஆள் நீட்டிய பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "தம்பி பேரு என்ன?" என்று தமிழில் கேட்டார். தமிழில் கேட்டதால் வாய் தானாக என் பெயரைச் சொல்லிவிட்டது. அப்படியே எழுதிக்கொண்டார். அன்றைக்கு மைக்கில் வந்தது என் பெயர். அன்றைக்குத்தான் ஜெயித்தேன். ரெஃப்ரி என் கையைப் பிடித்துத் தூக்கியபோது யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் கதவுப் பக்கம் பார்த்துச் சிரித்தேன். திரும்பி வர ஆறு மணி நேரம் பஸ். பக்கத்து சீட்டில் ஒருவரும் இல்லை. நாலாவது சண்டையில் பழையபடி அப்பா பெயர், பழையபடி தோல்வி. அதோடு விட்டுவிட்டேன்.

இதெல்லாம் நினைவுக்கு வந்த பிறகுதான், வேனில் உட்கார்ந்து, அதே வெப்சைட்டில் என் பெயரைப் போட்டுத் தேடினேன். இருந்தது! இன்னொரு பக்கம். ஒரே ஒரு சண்டை. ஒரே ஒரு பச்சைக் கட்டம். ஒரே உடம்பு இரண்டு ஆளாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்துக்கு அடியில், தப்பு இருந்தால் எழுதுங்கள் என்று ஒரு இடம் இருந்தது. நான் தமிழில் பேசினால் போன் இங்கிலீஷாக்கித் தரும். இப்படிப் பேசினேன்: "அந்தப் பக்கத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். இந்தப் பக்கத்தில் இருப்பது என் பெயர். தயவுசெய்து இரண்டையும் சேர்த்துவிடுங்கள்." நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் இது போதும்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் ஏதோ பனி பெய்யும் ஊரில் இருக்கிற ரிடையர்டு ஆசாமி. சம்பளம் இல்லாமல் ஆசைக்கு இந்த வேலையைச் செய்கிறாராம். சேர்த்துவிட்டேன், சந்தோஷம் என்று எழுதியிருந்தார். தகப்பனும் மகனும் குத்துச்சண்டை போட்ட குடும்பங்கள் அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். "உங்கள் தந்தை மூன்று சண்டையிலும் தோற்றார், ஆனால் மூன்றிலும் கடைசி மணி அடிக்கும் வரை விழாமல் நின்றிருக்கிறார். தைரியமான மனிதர். நீங்களோ தோல்வியே காணாதவர். தந்தை நலமா?"

திறந்து பார்த்தேன். என் பக்கத்தில் தகப்பன் என்று அப்பாவின் பெயர். அப்பா பக்கத்தில் மகன் என்று என் பெயர். எனக்கு ஒன்று ஜெயிப்பு, தோல்வி பூஜ்யம். தோல்வி மூன்றும் அப்பாவுக்கு.

பிள்ளைகளா, உண்மையைச் சொல்கிறேன். நான் உடனே இல்லை என்று எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து வைத்தேன். உங்களுக்கு அனுப்பினால் போதும், தம்பி வாயை மூடிக்கொள்வான். அதற்காக நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.

அந்த மூன்று நாளும் அந்த மனிதர் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விழாமல் நின்றார், தைரியமான மனிதர். குத்துச்சண்டைக்காக என்னை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதுவும் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா யாரையும் கை நீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. கண்மாயில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அவருடைய சாவுக்கு நான் போகவில்லை. என் தோல்வியையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு நான் ஜெயித்தவனாக உட்கார்ந்திருக்கிறேன் என்று மூன்றாம் நாள் தோன்றியது. அன்றைக்கு அம்மா போன் செய்தாள்.

"சாப்டீங்களா? என்ன கொழம்பு?"

"நேத்து வச்சதுதான்."

"ஏன் கொரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒன்னுமில்ல. ஃபேன் சத்தம்."

"இந்நேரம் வேன்லதான இருப்பீங்க? வேன்ல ஏது ஃபேனு?"

நான் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். பிறகு வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்தக் கடைப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளும் என் வேனில்தான் வருகிறார்கள்.

"எதுக்குண்ணே கேன்சல் பண்ணுன பாஸ்போர்ட்டு? மறுபடி வெளிநாடு போறீங்களா? அப்ப எம்புள்ளைகள யாரு கூட்டிப்போறது?"

"இல்லம்மா. முன்னாடி பாக்சிங் போட்டேன். அதுக்கு ஒரு ஆதாரம் கேக்குறாங்க."

"பாக்சிங்கா! நீங்களா! சீட்டுக்கு அடிச்சுக்கிற புள்ளைகள அதட்டக்கூட தெரியாம நிக்கிறீங்கன்னு எம்மக சொல்லும்." சிரித்துக்கொண்டே ஸ்கேன் செய்து என் போனுக்கு அனுப்பினாள். "ஜெயிச்சீங்களாண்ணே?"

"ஒன்னு ஜெயிச்சேன். மூணு தோத்தேன்."

இதை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அவள் அதற்குள் அடுத்த ஆளின் ஆதார் கார்டைக் கையில் வாங்கியிருந்தாள்.

அன்றே எழுதினேன். என் அப்பா விவசாயி, எந்தச் சண்டையும் போடவில்லை, அந்தச் சண்டைகள் நடந்தபோது அவர் உயிரோடும் இல்லை, நாலு சண்டையும் போட்டவன் நான் ஒருவன்தான் என்று. எங்கள் பக்கம் அப்பாவின் பெயர் பிள்ளையின் பெயரோடு வரும், அதனால் வந்த குழப்பம் என்றும் சொல்லி, பாஸ்போர்ட் படத்தை வைத்து அனுப்பினேன். உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைப்பானேன். விழாமல் நின்றது நீங்கள்தானா என்று கேட்டு ஒரு வரி எழுதுவார் என்று.

பதில் மறுநாள் வந்தது. "திருத்தியாயிற்று. நன்றி." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. எழுத வேறு காரணமும் இல்லை. ஆனாலும் காலையில் வேனை நிறுத்தியதும் மெயிலைத் திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

புதுப் பக்கத்தை உங்களுக்கு அனுப்பினேன். சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு. பாப்பா கட்டைவிரல் போட்டாள். அம்மா போனில், "அப்ப நெசந்தானா?" என்று கேட்டாள். தம்பி கேட்டது இதுதான்: "சூப்பர்ப்பா. ஆனா ஐயா பேரு எங்க? தேடுனா வரமாட்டேங்குது?"

நானும் தேடிப் பார்த்தேன். வரவில்லை. வெப்சைட்டில் மட்டும் இல்லை, போனில் எங்கே போட்டாலும் அவர் இல்லை. வேறு யார் யாரோ வருகிறார்கள். ரேஷன் கார்டிலிருந்து முன்பே எடுத்தாயிற்று, ஓட்டர் லிஸ்டிலும் இல்லை. அப்பாவின் பெயர் முழுசாக நின்ற கடைசி இடம் அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது. அதை எடுக்கச் சொன்னவன் நான். எடுத்தது சரிதான், அவர் தோற்கவில்லை. ஆனால் சரியான காரியத்தைச் செய்துவிட்டு இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஐயா பெயர் அங்கே இல்லை, நான்தான் எடுக்கச் சொன்னேன். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அதை டிரங்குப் பெட்டியில் திரும்ப வைக்காமல் வேனிலேயே, லைசென்சோடு வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது காட்டுகிறேன்.

பெல் அடித்துவிட்டது. பிள்ளைகள் வருகிறார்கள்.