பதினொரு வீட்டு வழக்கு

பேரன் படிக்கும் செம்பூர்ப் பள்ளியில், பிள்ளைகளின் மனதை அறிய முகம் வரைந்த அட்டைகள் வைத்திருக்கிறார்கள். மொத்தம் எட்டு. சண்டை போட்டு வந்தவனை உட்கார வைத்து, இப்போது உனக்கு எந்த முகம் என்று முக்கால் மணி நேரம் கேட்டார்களாம். அவன் இன்னும் அந்தப் பையனோடு பேசவில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது. ஆனால் என் ஏழு வயதில் வந்த எரிச்சல் இதைவிடப் பெரிது. என்னை யாரும் எதுவுமே கேட்கவில்லை.

அப்போது நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் எங்கள் வரிசையில் பதினொரு தகர வீடுகள். இந்த முனையில் நாங்கள், அந்த முனையில் அத்தை. அத்தை மகன் பட்டம் விடுவான். நான் நூல் சுற்றிய ஃபிர்க்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். அவன் அறுக்கும் மூன்றாவது பட்டம் எனக்கு என்று பேச்சு. அன்று மூன்றாவதையும் அவனே வைத்துக்கொண்டான்.

"ஃபிர்க்கி பிடிக்கவனுக்கு எதுக்குல பட்டம்?" என்றான்.

அவன் கையைக் கடித்தேன். முதுகில் அறைந்தான். என் பக்கம்தான் நியாயம் என்று ஒரு பெரியவராவது சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீட்டுச் சித்திட்ட சொல்லு. அவ நல்லா கேப்பா."

சித்தி கைக்குழந்தையை என் இடுப்பில் ஏற்றினாள். "இவனக் கொஞ்சம் பிடில, தண்ணி பிடிச்சிட்டு வந்துருதேன்." குழந்தை என் சட்டையை நனைத்தது. திரும்பி வந்தவள் பாதி வழக்கிலேயே அடுத்த வீட்டு மாமாவைக் கை காட்டிவிட்டாள்.

மாமா ஆர்வமாகத்தான் தொடங்கினார். "என்னல லஃப்டா, யாருகூட சண்ட? முதுகுல ஏறி மிதிச்சுக்கிட்டே சொல்லு." கோபத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன். "ஆகா, இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நாலாம் வீட்டில் பூண்டு உரித்தேன். ஐந்தாம் வீட்டில் சுடச்சுட சுசியம் கொடுத்தார்கள். அதை வாயில் வைத்துக்கொண்டு எங்கே வழக்கைச் சொல்வது? ஒரு சின்ன நியாயம் கேட்க இத்தனை பேரில் ஒருவருக்கும் நேரமில்லை என்று நொந்துகொண்டு, ஆறாம் வீட்டுப் பெரியம்மாவிடம் போனேன்.

அங்கே அத்தை மகன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியிலும் யார் வீட்டுக் குழந்தையோ ஒன்று.

பெரியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து எங்கள் நடுவில் வைத்தாள். "தட்டு ஒண்ணுதான் கழுவிக் கிடக்கு. தின்னுங்கல." மூலையில் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகள் மூன்று. அதையும் எண்ணினேன்.

ஆளுக்கொரு பக்கமாகத் தின்றோம். பிறகு அவன் அப்பளத்தை உடைத்து, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினான்.

"கை வலிக்கா?" என்றேன்.

"ஏ, அதெல்லாம் ஒரு பல்லால?"

யார் பக்கம் நியாயம் என்று பெரியம்மா கடைசி வரை சொல்லவில்லை. பட்டமும் வந்து சேரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு நெடுநாள் தீரவில்லை.

தகரச் சுவருக்கு மறைவேது? நாங்கள் போட்ட கூச்சல் பதினொரு வீட்டுக்கும் கேட்டிருக்கும். நான் ஒன்றாம் வீட்டிலிருந்து ஆறுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், அவனைப் பதினொன்றாம் வீட்டிலிருந்து ஆறுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்று எங்கள் முனையிலிருந்து மட்டும்தான் எண்ணத் தெரிந்திருந்தது.