அழைப்பு அடுத்த வீட்டுக்கு

எங்கள் மாதாகோயில் பங்கிலிருந்து ஒரு குருவோ கன்னியாஸ்திரியோ புறப்பட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று பங்குத்தந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் வருத்தத்தோடு சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்த எல்லோரும் அவரைவிட அதிகமாக வருத்தப்பட்டார்கள். வருத்தப்படுவதில் எங்கள் பங்கை மிஞ்சத் திருவண்ணாமலையில் ஆள் கிடையாது. பிள்ளைகளைத் துறவறத்துக்கு ஊக்குவிக்க, அடுத்த வாரமே இறையழைத்தல் குழு என்று ஒன்று அமைந்துவிட்டது. கோயிலில் எந்தக் குழு அமைந்தாலும் தலைவராகிவிடும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதற்கும் தலைவரானார். செயலாளர் நான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை, நாலு வரி பிழையில்லாமல் எழுதுவேன், மைக்கைக் கண்டு பயப்பட மாட்டேன். அவ்வளவுதான் தகுதி. கடவுளின் அழைப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியரின் இரண்டு மகன்களும் கனடாவில் இருந்தார்கள். முதல் கூட்டத்தில் அவர் பெரியவனின் வீட்டுக்கு முன்னால் பனி குவிந்திருக்கும் படங்களை போனில் எங்களுக்குக் காட்டினார். பிறகு போனை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, இந்தக் காலத்துப் பெற்றோருக்குத் தியாக மனசு கம்மி என்றார். குழுவில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் தலையாட்டினோம்.

முதல் காரியமாக, ஈஸ்டர் கழிந்து வரும் நல்லாயன் ஞாயிறன்று குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி வைத்தோம். பையன்கள் வெள்ளை அங்கியிலும் பெண்பிள்ளைகள் முக்காட்டிலும் வந்தார்கள். தாய்மார்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். யூகேஜி படிக்கும் ஒரு சின்னப்பெண்ணிடம் நான் மைக்கை நீட்டி, பெரியவளானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தபடியே சிஸ்டர் ஆகப்போவதாகச் சொன்னாள். கோயிலே கைதட்டியது. மேடைக்குப் பின்னால் அவள் அம்மா முக்காட்டின் ஊசியைக் கழற்றிக்கொண்டே, "போதும், மேடையில சொன்னதோட சரி. வீட்ல வந்து இதையே சொல்லிட்டிருக்காதே" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் சிரித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், அவள் மைக்கில் பேசவில்லை என்பது மட்டும்தான்.

ஏனென்றால் அன்று நான் பேசினேன். தன் பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுக்கிற தாயின் பாக்கியம் வேறு யாருக்கும் வாய்க்காது என்று பேசினேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் ஒரே மகள் பாடகர் குழுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நர்சிங் முடித்து ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பட்டுப்புடவையில் அவளைப் படமெடுத்து, அவள் ஜாதகத்துக்குப் பதிலாக நாங்கள் வைத்துக்கொள்ளும் பயோடேட்டாவோடு கல்யாணத் தரகரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பேசும்போது அந்தப் படம் ஒரு கணம்கூட என் நினைவுக்கு வரவில்லை.

அடுத்தது வீடு சந்திப்பு. எந்தெந்த வீடுகளுக்குப் போவது என்று தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். டாக்டர் வீடு அதில் இல்லை. வக்கீல் வீடு இல்லை. வேங்கிக்காலில் புதிதாக எழும்பியிருக்கும் மாடி வீடுகள் ஒன்றுகூட இல்லை. எல்லாமே அடி அண்ணாமலையைத் தாண்டிய சிமென்ட் ஷீட் வீடுகள். அப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பேனா தானாக அந்தப் பக்கம் போனது.

நாங்கள் போன நாள் பௌர்ணமி என்பதை யாரும் பார்க்கவில்லை. மத்தியானமே கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியரின் காரில் ஏசி போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டும் ஜனங்கள் வெறுங்காலோடு சுடுகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு கூட்டத்தில் எப்படிப் போவது என்று அவர் சலித்துக்கொண்டார். பதினாலு கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு நடுவே, அரை கிலோமீட்டர் இறங்கி நடக்க எங்களுக்கு மனமில்லை. இன்னொருவர் வீட்டுப் பெண்ணை ஆயுள் முழுவதற்கும் கேட்கத்தான் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் வேறு வழியில்லாமல் நடந்தோம்.

அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள். நல்ல மார்க். அப்பா இறந்துவிட்டார். அம்மா பாதையோரத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்றுக் குடும்பம் நடத்தினாள். பௌர்ணமி அவளுக்கு மாதத்தின் பெரிய வியாபார நாள். வண்டியை மகளிடம் விட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்கு நாற்காலி போட்டாள். தலைமையாசிரியர் மெல்ல ஆரம்பித்து, மடத்தில் சேர்ந்தால் படிப்புக்கு அவர்களே பொறுப்பு, கல்யாணக் கவலை கிடையாது என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். கடவுளைப் பற்றியும் நடுவில் ஓரிரு வார்த்தை வந்தது. நான் துண்டுப் பிரசுரத்தை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க வீட்ல யாரு சார் போயிருக்காங்க?"

தலைமையாசிரியர் சிரித்தார். தன் மகன்களுக்கு அந்த அழைப்பு வரவில்லை, எல்லோருக்கும் வந்துவிடாது என்றார்.

"எங்களுக்கு வந்துச்சுனு உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றாள். குரல் உயரவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எம்பொண்ணு போறேன்னு சொன்னா நானே கொண்டு போய் விடுவேம்மா. இல்லாத வீடுனு கேட்டு வந்தீங்கன்னா அனுப்ப மாட்டேன்."

வண்டியில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வரும் வழியெல்லாம் தலைமையாசிரியர், படிப்பில்லாதவர்களுக்கு வாய்த் துடுக்கு ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஆமாம் சார் என்றேன்.

அந்த மாதமே ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகள், தரகரிடம் கொடுத்த படத்தைத் திரும்ப வாங்கிவிடச் சொன்னாள். யாரையாவது மனதில் வைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். எந்த ஜாதி, என்ன வேலை என்றுகூட மனம் ஓடிவிட்டது. அவள் மடத்துக்குப் போக விரும்புவதாகச் சொன்னாள். நர்சிங் படிக்கும்போதிருந்தே நினைப்பு இருந்ததாம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தாளாம். "நீ அன்னிக்கு மைக்ல பேசினியே, அப்பதான் தைரியம் வந்துச்சும்மா. நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

நான் முதலில் சிரித்தேன். பிறகு கத்தினேன். இதற்கா இவ்வளவு படிக்க வைத்தேன் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை ஜாஸ்தியாகி மூளை குழம்பிவிட்டதா என்றேன். அவள் அப்பா தட்டைவிட்டு எழுந்து போய்விட்டார். அவள் கையில் சோறு காயக் காய உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். இட்லிக் கடைக்காரி தன் மகளைத் தானே கொண்டு போய் விடுவதாகச் சொன்னாள். நான் என் மகளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அவள் மனதை மாற்ற யாரைக் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியரைத்தான். அவர் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அவ்வளவு கரிசனத்தோடு ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. குடும்ப வாழ்க்கையும் கடவுள் கொடுக்கிற அழைப்புதான், பெற்றவர்களைக் கண்கலங்க வைத்துவிட்டுச் செய்கிற சேவை சேவையாகாது என்று என் மகளிடம் அருமையாகப் பேசினார். இதில் ஒரு வரியையாவது அவர் அந்தச் சிமென்ட் ஷீட் வீட்டில் சொல்லியிருக்கலாம். காபி குடித்துவிட்டுப் போகும்போது என்னிடம் தனியாக, "நம்ம மாதிரி வீட்டுப் புள்ளைங்க ஏன் மேடம் இப்படி யோசிக்குதுங்க?" என்றார். நம்ம மாதிரி வீடு. அந்தச் சொல் எனக்குக் கசக்கவில்லை, ஆறுதலாகத்தான் இருந்தது.

பங்குத்தந்தையிடமும் போனேன். அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சொன்னேன். "போன மாசம் பேசினது நீங்கதானேம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, அவசரம் வேண்டாம், இன்னும் ஒரு வருடம் வேலை பார்க்கட்டும், அதற்கப்புறமும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்வதாகச் சொன்னார். சொன்னபடி சொன்னார்.

அந்த ஒரு வருடமும் நான் சும்மா இருக்கவில்லை. நான்கு மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்தேன். நாலு தடவையும் அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். நாலு தடவையும் பையனிடம் தானே பேச வேண்டும் என்று கேட்டு, விஷயத்தைச் சொல்லி மரியாதையாக அனுப்பிவைத்தாள். ஜூன் மாதம் ஒரு காலை, தன் துணிகளை ஒரே பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். அவள் அப்பா கூடப் போனார். எனக்கு ஆபீசில் ஆடிட் என்று சொன்னேன். ஆடிட் எதுவும் இல்லை.

அவள் போன பிறகு வந்த நல்லாயன் ஞாயிறன்று பங்கு முழுவதும் கூடியிருக்க எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இத்தனை வருடத்தில் பங்குக்குக் கிடைத்த முதல் இறையழைத்தல் என்று தலைமையாசிரியர் மைக்கில் முழங்கினார். நான் என் ஒரே மகளை மனமுவந்து ஒப்புக்கொடுத்த விதத்தைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர் குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை, அதை நம்பியே சொன்னார், அதுதான் பயங்கரம். பங்குத்தந்தை தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து நின்று உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் கைகூப்பிச் சால்வையை வாங்கிக்கொண்டு, படம் எடுப்பவர் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

அதன்பின் வீடு சந்திப்புக்கு நான் வந்து நின்றாலே போதும் என்று கூப்பிட்டார்கள். முட்டி வலி என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகினேன். உண்மையான காரணத்தைச் சொல்லி விலகியிருக்கலாம்.

மகள் மாதம் ஒருமுறை போனில் பேசுகிறாள். போன தடவை, விடியற்காலை ஜெபத்தில் தூங்கி விழுந்ததையும் பக்கத்திலிருந்த மூத்த சிஸ்டர் கிள்ளி எழுப்பியதையும் சொல்லி அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதாவது குறை கேட்கிறதா என்று நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.