நடுவிலிருந்து போட்ட தையல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினரும் நண்பர்களும் அக்காவைப் பலவிதமாக அறிந்தவர்கள். கூடப் பிறந்த தங்கையாக நான் அறிந்ததை எழுதுகிறேன். அக்கா இருந்திருந்தால், தனக்கெதற்கு இத்தனை காகிதம் என்று என்னைத்தான் கடிந்திருப்பார்.

பல்லடத்தை அடுத்த ஒரு ஊரில், முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தறியில் உட்காரும் குடும்பத்தில் பிறந்தார். மடத்துக்குளத்தில் வாழ்க்கைப்பட்டார். அங்கே நடந்ததை எழுத வேண்டாம் என்று பெரியண்ணன் சொல்லிவிட்டார், எழுதவில்லை. கைக்குழந்தையோடு அக்கா திரும்பி வந்ததை ஊரே அறியும். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெரியண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்து, அம்மாவையும் எங்களையும் அங்கே அழைத்து வந்திருந்தார்.

பெரியண்ணன் கல் நெஞ்சுக்காரர் அல்லர். ஆனால் எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, மூத்த பெண் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் அக்காவைப் புருசன் வீட்டாரோடு அனுப்பிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தார். அக்கா அழவில்லை. தன் கையால் சம்பாதித்துக் காட்டினால் இங்கேயே இருக்கலாமா என்று மட்டும் கேட்டார். அண்ணன் சரி என்றார், நடக்கப் போகிறதா என்ற எண்ணத்தில்.

வீட்டில் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. ஊட்டியிலிருந்து துணி எடுக்க வரும் கடைக்காரர் ஒருவர், குளிருக்கு மெத்தைப் போர்வை தைத்துத் தர ஆள் தேடினார். மேலும் கீழும் துணி, நடுவில் கழிவுப் பஞ்சைப் பரப்பி, நெடுக வரி வரியாகத் தைக்க வேண்டும். கேட்கச் சுலபம். மெஷினில் ஊசிக்கு அடியில் இருக்கும் பல் அடித்துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். மேலே அமுக்கும் இரும்புக் கால் மேல்துணியைப் போகவிடாது. நடுவில் பஞ்சு ஒதுங்கிக் கட்டி கட்டும். மூன்றும் மூன்று ஊருக்குப் பஸ் ஏறின. முதல் போர்வையில் மேல்துணி ஒரு முனையில் ஒரு சாண் வெளியே தொங்கியது. கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்காமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தை பிறக்கும் முன் இன்னொரு முறை வருவதாகவும், அப்போது நேராக ஒன்று இருந்தால் வேலை தருவதாகவும் சொன்னார்.

அக்கா நெசவுக்காரர் மகள். துணி நழுவினால் நெசவுக்காரருக்குத் தோன்றுவது கஞ்சிதான். தறியில் பாவு நூலுக்குப் போடுவது போல மூன்றுக்கும் கஞ்சி போட்டுக் காய வைத்தார். பஞ்சு வரட்டியாகிவிட்டது, ஊசி ஒடிந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கஞ்சியை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. தறியில் ஒரு முனையில் தொடங்கினால் மறு முனையில்தான் நிற்போம். அக்காவும் ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்கே ஓட்டினார். சேர்ந்த சுருக்கமெல்லாம் கடைசி ஓரத்தில் வந்து நின்றது.

ஒரு காலையில் குழந்தைக்குத் தோசை ஊற்றியவர், கரண்டியைக் கையில் பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, தோசையை ஆராச்சும் ஓரத்துல இருந்து தேய்ப்பாங்களா?"

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார். தோசை கருகியதற்கு அம்மாவிடம் நான்தான் திட்டு வாங்கினேன். அடித்துணியைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் இழுத்துக் கல் வைத்தார். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து நாலு பக்கமும் உள்ளங்கையால் நீவிக்கொண்டே போய், கையால் பெரிய பெரிய இழையாக ஓட்டி மூன்றையும் பிடித்து நிறுத்தினார். மெஷினில் அந்த இரும்புக் காலை அமுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தினார். முதல் வரியை நடுவில் போட்டு, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெளியே நகர்ந்தார். கடைசியில் கை இழையைப் பிரித்து எடுத்தபோது போர்வை பலகை போல நேராகக் கிடந்தது. கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு, அடுத்ததற்குத் துணி கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா அந்தத் துணியை விரித்துக் கல் வைத்திருந்த நாளில்தான் மடத்துக்குளத்தார் அவரை அழைத்துப் போகப் பழத்தட்டோடு வந்தார்கள். உட்காரத் தரையில் இடமில்லை. அக்காவின் மாமனார் குனிந்து ஒரு கல்லை ஒதுக்கப் போனார்.

"அதை நகத்தாதீங்க மாமா" என்றார் அக்கா. "நானும் வரலீங்க."

எல்லாரும் பெரியண்ணன் முகத்தைப் பார்த்தோம். தரையில் விரிந்து கிடந்த துணியை அவர் ஒருமுறை பார்த்தார்.

"அவளுக்கு வேலை கெடக்குதுங்க மாமா. நீங்க கைகழுவீட்டு வாங்க, சாப்புட்டுட்டுப் போலாம்."

கொங்கு நாட்டில் 'அனுப்ப மாட்டோம்' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அவர்களும் சாப்பிட்டுவிட்டே போனார்கள். எனக்கு வரன் தள்ளித்தான் அமைந்தது. அக்கா அதற்காக வருந்தினார், நான் வருந்தவில்லை.

பிறகு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அக்கா தனக்கென ஓட்டு வீடு கட்டிக்கொண்டார். மகளை டீச்சருக்குப் படிக்க வைத்தார். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் சிறு மெத்தைப் போர்வை ஒன்று போய்ச் சேரும். இதைப் படிப்பவர் பலர் வீட்டில் அது இருக்கும். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார், சோறு மட்டும் போடுவார். கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியது. அப்போது மருந்து வாங்கி வந்த பக்கத்து வீட்டாருக்கும், முறை வைத்துக் கூட இருந்த தெருப் பெண்களுக்கும், பந்தலில் நின்று எல்லாக் காரியமும் பார்த்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

எங்கள் வழக்கப்படி, பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி அவள் வாழ்ந்த வீட்டுக்குப் போக வேண்டும். அன்று சிலர் மடத்துக்குளம் என்று பேச்செடுத்தார்கள். பெரியண்ணன் கோடிச் சேலையைத் தட்டில் வைத்துத் தலையில் ஏந்திக்கொண்டு, தள்ளாத வயதில், மேளத்துக்குப் பின்னால் அந்த இரண்டு தெருவும் நடந்து, அக்கா வீட்டு வாசலில் இறக்கி வைத்தார்.