பச்சைத் தூளும் மீன் மணமும்

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம். நான் இரசாயன ஆய்வுகூடமொன்றில் போத்தல் கழுவினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. குருநகர் ஆள், மீன்பிடிக் குடும்பம்.

அங்கே ஒரு பிள்ளை ஆராய்ச்சி செய்தாள். ஊர் இணுவில். சுத்த சைவம். காபனோடு ஒட்டியிருக்கும் ஐதரசனைக் கழற்றி, அந்த இடத்தில் நைதரசனை நேரே பூட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. சும்மா பூட்டுப்படாது. உரோடியம் என்ற உலோகத்தின் பச்சைத் தூள் கொஞ்சம் போட வேண்டும்.

“அந்தத் தூள் என்ன செய்யும்?” என்று கேட்டேன்.

“கலியாணத் தரகர் மாதிரி, அண்ணை. சேர்த்து வைச்சிட்டுத் தான் விலத்திப் போயிடும்.”

“சீதனத்திலை பங்கு கேளாதோ?”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு சுணங்கித்தான் வரும்.

தூள் வெளிநாட்டுச் சாமான். முன்னம் செய்ததெல்லாம் பிழையாய்ப் போய்விட்டது. மிச்சம் நகக்கண்ணுக்குள் அடங்கும். சண்டையால் பாதை அடைப்பு, இனி வராது. இதுவும் பிழையாய்ப் போனால் அவளுடைய ஆராய்ச்சி அவ்வளவுதான்.

விடாமல் கலக்க வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. என் சயிக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லிலிருந்து கண்ணாடித் தண்டுக்கு ஒரு நாடா போட்டோம். நான் மிதித்தால் குடுவைக்குள் தண்டு சுழலும்.

மிதித்தேன். வாசலில் அங்கே படிக்கிற பெடியள் கூடிவிட்டார்கள்.

“அண்ணை, சுன்னாகம் வந்திட்டுது. இறங்கிறியளோ?”

“பெல் அடியுங்கோ, முன்னாலை மாடு நிக்குது!”

முன்னால் நின்றவர் அவளுக்குப் பொறுப்பான சேர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை மட்டும் நிறுத்தவில்லை. சேரும் சிரித்தார். பிறகு களுசான் காலை மடித்துக்கொண்டு அவரே ஏறி மிதித்தார். பெடியள் கூவினார்கள்.

எல்லாம் அலசி எடுத்து, கடைசியில் காரம் விட வேண்டும். நைதரசன் பூட்டுப்பட்டிருந்தால் மீன் மணக்கும் என்றார் சேர். இல்லாவிட்டால் மணக்காது. மற்றச் சோதனையெல்லாம் பிறகுதான்.

அவள் காரம் விட்டாள். சேர் குனிந்து மணந்தார்.

“மீன்!” என்று துள்ளினார். துள்ளியவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

“மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?”

“சூடைமீன் பொரியல், சேர்.”

“கை கழுவினீரோ?”

“கழுவினனான். எங்கடை கையிலை இருந்து அது போகாது, சேர்.”

“வெளியாலை போம்! அந்த வேம்புக்கு அங்காலை போய் நில்லும்!”

போய் நின்றேன். யன்னலெல்லாம் திறந்தார்கள். சேர் மட்டையால் விசிறினார். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அவள் முருகனைக் கூப்பிட்டிருப்பாள்.

“பிள்ளை, இப்ப நீர் மணந்து பாரும்.”

அவள் குடுவைக்கு மேலே குனிந்தாள். திடீரென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். மதிலோரம் குனிந்து ஓங்காளித்தாள். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணை! உங்கடை மீனை விட நாத்தம்!”

சேர் யன்னலால் தலையை நீட்டினார். “பூட்டுப்பட்டிட்டுதோ?”

“ஓம் சேர், ஓம்!”

சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓங்காளித்தாள். திரும்பவும் சிரித்தாள். பெடியள் ஆளையாள் தள்ளிக்கொண்டு மணந்து பார்க்க ஓடினார்கள். சேர் உள்ளே தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

நான் இனி உள்ளே வரலாமோ என்று கேட்டேன். ஒருவருக்கும் காது கேட்கவில்லை.